புகைவீடா, ஷீட் ஆலையா, உர ஸ்டோரா: சுங்கை சிப்புட்டில் ஊர் கூடும் பாருக்கு எந்தக் கட்டடம் தாங்கும்?

கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த பிறகு, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து டவுன்களைச் சுற்றிப் பழைய கட்டடங்கள் மூன்று வகையில் மிச்சமிருக்கின்றன. ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைத்த புகைவீடு ஒன்று. ரப்பர் பாலை உறையவைத்து உருளையில் விட்டு ஷீட்டாக்கிய ஆலை மற்றொன்று. உரமும் புல்மருந்தும் வைத்திருந்த ஸ்டோர் மூன்றாவது. இவற்றில் ஒன்றை மாலையில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசவும், ஒரு பியர் குடிக்கவும், குடும்பத்தோடு சாப்பிடவும் ஏற்ற இடமாக்க நினைப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது புகைவீடுதான். கருத்த செங்கல், உயரமான சுவர், படத்தில் அழகாக விழும். ஆனால் அழகை வைத்துத் தேர்ந்தெடுத்தால் பணம் வீணாகும். அந்தச் சுவரிலும் தரையிலும் ஐம்பது வருடமாக என்ன ஊறியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். புகைவீட்டில் ஊறியது தார். ஆலையில் அமிலம். உர ஸ்டோரில் விஷம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஷீட் ஆலையை எடுங்கள், பியர் மட்டும் விற்கும் லைசென்ஸ் வாங்குங்கள், குடும்பங்களும் சாப்பிட வர அடுப்படியைப் பாரைவிடப் பெரிதாகக் கட்டுங்கள். அதற்கான காரணங்களும், இந்த முடிவு எப்போது மாறும் என்பதும் கீழே.

உர ஸ்டோர்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டவுனுக்குப் பக்கத்தில், பெரிய ரோட்டோரத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான் என்பதால் பலருக்கு இதன்மேல் ஆசை. சுவர் தடிமனாக இருக்கும், கூரையும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். ஆனால் கித்தாத் தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்ல ஒரு காலத்தில் ஆர்செனிக் கலந்த சோடியம் ஆர்செனைட்டைத்தான் தெளித்தார்கள். ஆர்செனிக் மட்கிப் போகாது. கழுவினாலும் போகாது. டின்னிலிருந்து வாளிக்கு ஊற்றும்போது சிந்தியது தரையின் விரிசலுக்குள்ளும் செங்கல்லின் அடி வரிசையிலும் இன்னும் இருக்கலாம். அதற்குப் பின்னால் வந்த பாராகுவாட் என்ற புல்மருந்துக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. அதுவும் இதே அறையில்தான் இருந்திருக்கும்.

உரமும் சும்மா விடாது. அம்மோனியம் சல்பேட் கான்கிரீட்டை அரிக்கும். தரை மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் சுத்தியலால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். சுவரில் ஏறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், எந்தப் பெயிண்ட் அடித்தாலும் சில மாதத்தில் பொருக்காக உதிரும். அந்தப் பொருக்கு சாப்பாட்டு மேசையில் விழும்.

தரைத்தூசி, சுவரின் அடிச் செங்கல் தூள், வாசலுக்கு வெளியே ஒரு சாண் ஆழ மண் ஆகியவற்றில் தனித்தனியாக மாதிரி எடுத்து ஆர்செனிக்குக்கு ஆய்வுக்கூடப் பரிசோதனை செய்யாமல் இந்தக் கட்டடத்துக்கு ஒரு வெள்ளியும் முன்பணம் கொடுக்காதீர்கள். முடிவு மோசமாக வந்தால், மேலே சிமெண்ட் போட்டு மூடிவிடலாம் என்று சொல்லும் குத்தகைக்காரரை நம்பவேண்டாம். பிள்ளைகள் தரையில் தவழும் இடம் இது. விட்டுவிடுங்கள்.

புகைவீடு

புகைவீட்டின் வேலையே வெப்பத்தையும் புகையையும் உள்ளே அடைத்து வைப்பது. கித்தா விறகை வெளிக்குழியில் எரித்து, சூட்டை ஏறக்குறைய 40 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை படிப்படியாக ஏற்றி, நாலைந்து நாள் ஷீட்டைத் தொங்கவிட்டார்கள். சன்னல் கிடையாது. அறைகள் பெரும்பாலும் குறுகலானவை, தள்ளுவண்டி போகும் தண்டவாளத்தோடு ஒரே வாசல். ரப்பருக்கு நல்லதாக இருந்த அத்தனையும் மனிதருக்குக் கெட்டது.

சுவரில் படிந்திருப்பது வெறும் கரி இல்லை, பிசுபிசுத்த தார். அதன் மேல் சாதாரண எமல்ஷன் அடித்தால் சில வாரத்தில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை மேலே வரும். இன்னொரு கோட் அடித்தாலும் வரும், ஏனென்றால் தார் பெயிண்டுக்குள் கரைந்து ஏறுகிறது. சிமெண்ட் பூச்சும் பிடிக்காது, தாள் தாளாகக் கழன்று விழும். செய்ய வேண்டியது இந்த வரிசையில்: உலர்ந்த நிலையில் சுரண்டுதல்; சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவுதல்; நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசுதல்; இரண்டு மூன்று வாரம் காயவிடுதல்; பிறகு கறை தடுக்கும் ஷெல்லாக் அல்லது அலுமினியம் பிரைமர்; அதன் மேல்தான் பெயிண்ட். சுரண்டும் ஆட்களுக்கு முகமூடியும் கையுறையும் கட்டாயம், அந்தத் தார் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. இத்தனையும் செய்த பிறகும் வெயில் ஏறும் மதியத்தில் புகை வாடை திரும்ப வரும். வாடை மேல்கூரைச் சட்டங்களிலிருந்து வருகிறது, அவற்றையும் சேர்த்தே சுத்தம் செய்ய வேண்டும். இல்லையென்றால் மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தீ விஷயத்தைத் தாங்க முடியாது. தார் ஊறிய மரமும் சுவரும் பற்றினால் அணைப்பது கடினம். வேலை நடந்த காலத்திலேயே புகைவீடுகள் தீப்பிடிப்பது வழக்கம். அந்த நீள அறைக்குள் முப்பது பேரை உட்காரவைத்து ஒரே வாசல் வைக்க எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடக்கூடாது. மறுகோடியில் இரண்டாவது வாசல் உடைத்தே ஆகவேண்டும். 230 மில்லிமீட்டர் பாரம் தாங்கும் சுவரில் 1.8 மீட்டர் திறப்பு வெட்டுவதற்கு முன், சுவர் வழியே குறுக்குச் சட்டங்களை மீட்டருக்கு ஒன்றாகச் செருகி இருபுறமும் முட்டுக்கொடுக்க வேண்டும். இரும்பு உத்திரம் திறப்பின் இருபுறமும் குறைந்தது 150 மில்லிமீட்டர் உட்கார வேண்டும். அடுப்புக்குழிக்கு மேலே உள்ள சுவரில் சூட்டால் மயிரிழை விரிசல் இருக்கும். அந்த இடத்தில் வெட்டவே கூடாது.

இன்னொரு கண்ணியும் உண்டு. அடுப்புக்குழி குளிர்ச்சியாக, பள்ளமாக இருப்பதைப் பார்த்து பியர் பீப்பாயை அங்கே வைக்கலாம் என்று தோன்றும். வைக்காதீர்கள். பீப்பாய்க்கு அழுத்தம் கொடுக்கும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. சிலிண்டர் கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். வாடையும் நிறமும் இல்லாததால் உள்ளே குனிந்தவருக்குத் தெரியாது.

புகைவீட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதை மறைக்கக்கூடாது: சின்ன அறையில் பேச்சு தெளிவாகக் கேட்கும். இருபது பேருக்கு மேல் வராத, ஏர்கோன் போட்ட சிறிய இடம் போதும் என்றால், இரண்டு அறைகளை மட்டும் இணைத்து இதைச் செய்யலாம். கல்யாணப் பேச்சுக்கும் சங்கக் கூட்டத்துக்கும் இடம் வேண்டும் என்றால் போதாது.

ஷீட் ஆலை

ஆலை எழுந்ததே ஆட்கள் நின்று வேலை செய்யத்தான். அதனால்தான் கூரை உயரம், முகட்டில் சூடு வெளியேறும் திறப்பு, இரண்டு மூன்று பக்கம் வாசல், தரையெங்கும் வாய்க்கால், தண்ணீர் வசதி. கணக்குக்கு வசதியாக 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், சராசரி 6 மீட்டர் உயரம் உள்ள கூடம் என்று வைத்துக்கொள்வோம். தடுப்பு எதுவும் போடாமல் ஒரு ஓரம் அடுப்படி, நடுவில் அறுபது பேருக்கு மேசை, மறு ஓரம் கேரம் பலகையும் பிள்ளைகளும் என்று பிரிக்கலாம்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். அலைவரி ஓடு சாம்பல் நிறமாக, வெட்டிய ஓரத்தில் நார் தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே கருதுங்கள். அதன் மேல் ஏறி நடக்காதீர்கள், பழைய ஓடு சட்டென்று உடைந்து ஆளை உள்ளே விடும். துளைக்கவோ வெட்டவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி முழு ஓடாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் நாரும் சுற்றுச்சூழல் துறையின் அட்டவணைக் கழிவுப் பட்டியலில் உள்ளவை. தோட்டத்துக் குப்பைக்குழியில் போட முடியாது.

புதிய தகரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ. ஆஸ்பெஸ்டாஸ் ஓடு அதைப்போல் மூன்று மடங்கு. பாரம் குறைவது இரும்புச் சட்டத்துக்கு நல்லது, ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: கனமான கூரை தன் எடையாலேயே காற்றில் உட்கார்ந்திருந்தது, லேசான கூரையைப் புயல்காற்று தூக்கும். ஓரங்களிலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் திருகாணி வேண்டும். சட்டம் தூணோடு பிணைந்திருக்கிறதா என்று பொறியாளர் பார்க்க வேண்டும்.

தகரத்தின் கீழே 50 மில்லிமீட்டர் பாறைக்கம்பளி (ராக் வூல்) கட்டாயம். சூடு ஒரு காரணம். மழை இரண்டாவது காரணம்: மாலை மழை வெறும் தகரத்தில் விழும்போது எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. மூன்றாவது காரணம்தான் எல்லாரும் மறப்பது, எதிரொலி. 1,800 கன மீட்டர் வெறும் கூடத்தில் கைதட்டினால் சத்தம் அடங்க மூன்றரை விநாடிக்கு மேல் ஆகும். அறுபது பேர் உட்கார்ந்தாலும் இரண்டரைக்குக் கீழே வராது. அந்த நிலையில் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையை மிஞ்சிக் கத்தும். வயதானவர்கள் முதலில் வராமல் போவார்கள், பிறகு பெண்கள். கம்பளியைக் கீழிருந்து துளையிட்ட தகட்டாலோ துணியாலோ மூடி 180 சதுர மீட்டர் அளவுக்குத் திறந்து விட்டால் ஏறக்குறைய ஒரு விநாடிக்கு வரும். கம்பளிக்குக் கீழே கெட்டியான பலகை அடித்துவிட்டால் சூடு குறையும், எதிரொலி அப்படியே இருக்கும். கூடத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் மிகவும் பலன் தருவது இந்த 180 சதுர மீட்டர்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

முகட்டுத் திறப்பை அடைத்து ஏர்கோன் போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். திறப்புக்குக் கம்பிவலை போட்டு, வௌவாலும் குருவியும் வராமல் செய்து, கீழே பெரிய விசிறிகளை மெதுவாக ஓடவிட்டால் போதும்.

மழைநீர்க் கணக்கும் சொல்லிவிடுகிறோம். கூரையின் ஒரு பக்கம் 150 சதுர மீட்டர். மணிக்கு 200 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் விநாடிக்கு 8 லிட்டருக்கு மேல். அந்தப் பக்கத்துக்கு 100 மில்லிமீட்டர் குழாய் மூன்று வையுங்கள். ஒன்றை இலை அடைத்தாலும் மற்ற இரண்டு தாங்கும்.

அடுத்தது தரை. பாலை உறையவைத்த ஃபார்மிக் அமிலம் சிமெண்டிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரையும் உப்பாகிவிடும். அதனால்தான் தொட்டிகளைச் சுற்றித் தரை சொரசொரப்பாக, கல் தெரிய இருக்கும். மேலே டைல்ஸ் ஒட்டினால் ஒரு வருடம்கூட நிற்காது. மெத்தென்று இருக்கும் பகுதியைக் கெட்டி கிடைக்கும்வரை கொத்தி எடுத்து, சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பி.எச். தாளில் அமிலம் இல்லை என்று பார்த்த பிறகே 50 முதல் 75 மில்லிமீட்டர் புதிய கான்கிரீட் போடவேண்டும். உருளை மெஷின் நின்ற இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகளைத் தரைமட்டத்தில் வெட்டினால் போதாது. 25 மில்லிமீட்டர் கீழே வெட்டி மூடவேண்டும், இல்லையென்றால் துரு விரிந்து தரையை உடைக்கும்.

தரைச் சரிவை முழுவதும் சமன் செய்துவிடாதீர்கள். மேசை போடும் பகுதியை மட்டும் சமமாக்கி, அடுப்படியிலும் கவுண்டருக்குப் பின்னாலும் பழைய சரிவை அப்படியே விட்டால் இரவில் குழாயடித்துக் கழுவிவிடலாம். ஆனால் பழைய வாய்க்கால் பெரும்பாலும் கழிவுக் குளத்துக்கோ ஓடைக்கோ போகும். அந்த வழியை அடைத்து, அடுப்படித் தண்ணீரை எண்ணெய் பிடிக்கும் தொட்டி வழியாகவும், கழிவறையைப் புதிய செப்டிக் டேங்குக்கும் திருப்ப வேண்டும்.

ஆலையை வாங்கலாமா கூடாதா என்று சொல்லும் ஒரே சோதனை இரும்புத் தூணின் அடிப்பாகம். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை அமிலத் தண்ணீர் தெறித்தே கழிந்திருக்கும். துருவைச் சுரண்டி, சுத்தியலால் தட்டி, மிச்ச தடிமனை அளந்து பாருங்கள். நான்கில் ஒரு தூண் அரித்திருந்தால் வெட்டி ஒட்டுப் போடலாம். பாதிக்கு மேல் அரித்திருந்தால் புதுக் கூடம் கட்டுவதே மலிவு. அப்போது புகைவீட்டை மறுபடி யோசிக்கலாம்.

உருளை மெஷின் ஒன்றைக் கழுவி, எண்ணெய் பூசி, கவுண்டர் பக்கத்திலேயே நிறுத்துங்கள். அதில் கைவைத்துப் பார்க்க வரும் ஆயா தாத்தாக்கள் இருப்பார்கள்.

நிலமும் அனுமதியும்

மூன்று கட்டடத்துக்கும் பொதுவான முட்டுக்கட்டை இது. ஆலை விவசாய நிலத்தில் நின்றது சட்டப்படி சரி, ஏனென்றால் விளைச்சலைப் பதப்படுத்தும் கட்டடத்தைத் தேசிய நிலச் சட்டம் விவசாய நிலத்தில் அனுமதிக்கிறது. பார் அப்படியல்ல. 124-ஆம் பிரிவின் கீழ் நிலப் பயன்பாட்டை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு அரசுக்குக் கட்டும் பிரீமியம் தனி. 40 எக்டருக்குக் குறையாத தோட்டத்திலிருந்து துண்டாக வாங்குவதென்றால் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதியும் வேண்டும். ஏற்கெனவே தனி கிராண்ட் (நிலப் பட்டா) பிரிந்த ஆலை கிடைத்தால் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் கவனிக்க: மூன்று வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். மூன்று வருட ஒப்பந்தத்தில் கூரை மாற்றுவது அடுத்தவர் வீட்டுக்கு ஓடு வாங்கிக் கொடுப்பதுதான். பத்து வருடம் பதிவோடு கிடைக்காவிட்டால் தொடவேண்டாம்.

அதற்குப் பிறகு நகராண்மைக் கழகத்தில் திட்ட அனுமதி, கட்டட வரைபடம், பொம்பாவின் (தீயணைப்புத் துறையின்) ஒப்புதல். இவற்றுக்கு முன்பே ஒரு நாள் கட்டடத்தைச் சுற்றி நடந்து, பள்ளிவாசல், சூராவ் (சிறு தொழுகை இடம்), தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பக்கத்தில் இருந்தால் எதிர்ப்பு வரும், வருவது நியாயமும்கூட.

எதை விற்பது

தோட்டத்தில் குடியின் கதையை மறந்துவிட்டு இந்த முடிவை எடுக்கக்கூடாது. 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. 1947-இல் கெடாவில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக இறங்கியது. சம்சு என்ற மலிவுச் சாராயம் குடும்பங்களை அழித்தது நம் எல்லாருக்கும் தெரியும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கள்ளுக்கு லைசென்ஸ் தனி, சரக்கும் அன்றன்றைக்கு வரவேண்டும். காலையில் இறக்கியது மறுநாள் காடியாகத் தொடங்கிவிடும். தென்னந்தோப்பு கடற்கரைப் பக்கம், சுங்கை சிப்புட் உள்நாடு. எல்லா மதுவும் விற்கும் பொது மதுக்கடை லைசென்ஸ் வாங்கினால் மலிவு விஸ்கியும் சம்சு வகைகளும் கவுண்டரில் ஏறும், இடத்தின் முகமே மாறிவிடும். பியர் கடை லைசென்ஸில் பியர் வகைகள் மட்டும். வருமானம் குறையும், ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையோடு உள்ளே வரத் தயங்காத இடம் அமைய வேண்டுமென்றால் இதுதான் வழி. இந்த லைசென்ஸுகள் எக்சைஸ் சட்டம் 1976-இன் கீழ் மாவட்ட அளவிலான வாரியம் கொடுப்பவை. மது வாங்கும் வாடிக்கையாளருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், 2017 டிசம்பர் 1 முதல்.

மலாய் அண்டை வீட்டாரும் வந்து உட்காரும் இடமே உங்கள் நோக்கம் என்றால் மது வேண்டாம், கோப்பிக்கடையாகவே நடத்துங்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டும் என்று முயன்றால் அவர்கள் வரமாட்டார்கள். எந்த வழியென்றாலும் முஸ்லிம் ஊழியரை பியர் பக்கம் நிறுத்தாதீர்கள்.

பீப்பாயா போத்தலா என்பது கூட்டத்தைப் பொறுத்தது. 30 லிட்டர் பீப்பாயில் அரை லிட்டர் கிளாஸ் 60 வரவேண்டும். நுரையும் குழாயில் நிற்பதும் போக 52 முதல் 55 வரை கிடைக்கும். திறந்த பீப்பாய் ஒரு வாரத்துக்குள் தீரவேண்டும், குழாயை வாரந்தோறும் மருந்து ஊற்றிக் கழுவவேண்டும். கழுவாவிட்டால் மூன்றாம் வாரத்தில் புளிப்பு வாடை வரும், வாடிக்கையாளர் பியர் கெட்டது என்பார். வாரநாளில் இருபது பேர்கூட வராத டவுனில் முதல் ஆறு மாதம் போத்தல் போதும். கூடத்தில் பீப்பாய் அறைக்கான இடத்தையும் மும்முனை (த்ரீ ஃபேஸ்) மின்சாரத்தையும் மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

யார் கையில்

தனி முதலாளி வேகமாக முடிவெடுப்பார். கூட்டுறவுச் சங்கம் மெதுவாக நகரும், கணக்குத் தணிக்கை, ஆண்டுக் கூட்டம் என்று வேலை அதிகம். ஆனால் அமைச்சராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே மாதாமாதம் பணம் போட்டு வாங்கத்தான். அவர் பிறந்த ஊரும் இதே சுங்கை சிப்புட். பங்கு போட்டவர் தன் கடையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார், குடித்துவிட்டுச் சண்டை போடும் அண்ணனை அவரே வெளியே கூட்டிப்போவார். கட்டடத்தைச் சங்கம் வைத்துக்கொண்டு, தினசரி நடத்துவதைச் சம்பளத்துக்கு ஒரு மேலாளரிடம் விடுவது நல்லது. லைசென்ஸ் யார் பெயரில் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

ஒரு விதியை மட்டும் யார் நடத்தினாலும் தளர்த்தக்கூடாது: கடன் நோட்டு கிடையாது. சம்பள நாளில் வீட்டுக்குப் போக வேண்டிய பணத்தைக் கடைக்குத் திருப்பியது அந்த நோட்டுதான்.

வண்டி நிறுத்தும் இடத்துக்கு விளக்கு போடும் செலவையும் கூரைச் செலவோடேயே சேர்த்து எழுதுங்கள். தோட்டத்து ரோட்டில் இரவு வெளிச்சம் இல்லை, வருபவர்களில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். 2020 அக்டோபர் 23 முதல் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை. முன்பு அது 80. இரண்டு பெரிய போத்தல் குடித்தவர் அதைத் தாண்டியிருக்கக்கூடும். அதனால் வெள்ளி, சனி இரவுகளில் பத்து மணிக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று என்று தொழிலாளர் லயங்கள் வரை போய்வரும் வேன் ஒன்றை மாத வாடகைக்குப் பேசுங்கள். மோட்டார் சைக்கிளை இரவு பூட்டி வைக்கத் தகரக் கொட்டகை ஒன்றும் வேண்டும். ரப்பர் பால் சேர்த்த பழைய பால் கொட்டாய் பக்கத்திலேயே இருந்தால் அதுவே போதும்.